பங்கு பேசுவதற்கு முன் பார்க்க வேண்டிய காணி உறுதிகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், எட்டுச் செலவுக்கும் 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கும் இடைப்பட்ட நாட்களில்தான், பல நாடுகளில் சிதறி வாழும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வீட்டில் ஒன்றாக இருப்பார்கள். கீரிமலையில் கிரியை முடிந்து வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறியதும் ஒவ்வொருவராக விமானம் ஏறிவிடுவார்கள். காணி, வீடு, வங்கிப் பணம் பற்றிய பேச்சும் அந்த நாட்களில்தான் எழுகிறது. பெரும்பாலும் அது "ஆருக்கு எது" என்ற கேள்வியுடனேயே தொடங்குகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்னர், ஒவ்வோர் ஆதனமும் எங்கள் தகப்பனாரிடம் எந்த வழியால் வந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதையும், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமைக்கு உட்பட்ட ஒரு குடும்பத்தில் பங்குகளைத் தீர்மானிப்பது அந்த வழியே என்பதையும் எனது அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊர் வலிகாமத்தில் உள்ளது. அண்ணா இலண்டனிலும் தம்பி கனடாவிலும் குடியுரிமை பெற்று வாழ்கிறார்கள். நடுப்பிள்ளையாகிய நான் அம்மாவுடன் ஊரிலேயே இருக்கிறேன். அப்பா மரணசாதனம் (உயில்) எதுவும் எழுதி வைக்கவில்லை. "நீங்கள் மூன்று பேரும் சண்டை பிடிக்க மாட்டியள்" என்பதுதான் அவர் இதைப் பற்றிச் சொல்லிவந்த ஒரே வாக்கியம். நல்ல நம்பிக்கைதான், ஆனால் காணிப் பதிவகத்தில் அதைப் பதிய முடியாது.

முதலில் முடிக்க வேண்டிய சில அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் இறந்தவரின் பெயர் அடையாள அட்டையிலும் காணி உறுதிகளிலும் (காணிப் பத்திரங்களிலும்) உள்ளவாறே எழுதப்படுகிறதா என்பதைப் பதிவின்போதே எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைப்பெழுத்து ஒன்று மாறினாலும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பின்னர் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துத் திரிய நேரிடும். இறந்தவர் அரச ஓய்வூதியராக இருந்தால் பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். இறப்புக்குப் பின்னர் கணக்கில் வந்து சேரும் ஓய்வூதியத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருப்பதால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. அம்மாவுக்குரிய விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கும் அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு விவாகப் பதிவுச் சான்றிதழ் தேவைப்படும். இறந்தவரின் வங்கி அட்டையை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் போவதை, செத்தவீட்டுச் செலவுக்காகத்தான் என்றாலும், எவரும் செய்ய வேண்டாம். அது சட்டப்படி தவறு என்பது ஒருபுறமிருக்க, சகோதரர்களுக்கிடையில் எழும் முதலாவது சந்தேகம் பெரும்பாலும் அந்தச் சிறு தொகையிலிருந்தே பிறக்கிறது.

அப்பாவின் அலுமாரியை நாங்கள் மூவரும் அம்மாவை முன்னால் இருத்தி வைத்துக்கொண்டே திறந்தோம். உள்ளிருந்த ஒவ்வொரு கடதாசியையும் எடுத்து, ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதி, நால்வரும் கீழே கையெழுத்திட்டோம். துக்கம் நிறைந்த வீட்டில் இது அளவுக்கு மீறிய சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆயினும், பின்னர் எழுந்த பல கேள்விகளுக்கு அந்தக் கொப்பியே பதிலாக இருந்தது. உறுதிகளுடன் அம்மாவின் சங்கிலி ஒன்றின் அடைவுச் சீட்டும், அயலவர் ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணத்தின் குறிப்பும், முடியாமல் இருந்த ஒரு சீட்டின் கணக்கும் கிடைத்தன. தோட்டக் காணியைக் குத்தகைக்குச் செய்பவர் அதற்கு எழுத்து எதுவும் இல்லாமலே ஆண்டுதோறும் பணம் கொடுத்து வந்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் அவர் கொடுத்த தொகையை அப்பா ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். கடன் கொடுத்ததும் வாங்கியதும் ஆதனத்தின் பகுதியே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உறுதிகள் எல்லாமே அலுமாரியில் இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, உறுதிகளைச் சுற்றி எடுத்துச் சென்ற பையில் ஒரு பகுதி வழியில் நனைந்து சிதைந்துபோனது என்று அம்மா சொன்னார். எங்கள் தலைமுறையில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. உறுதி தொலைந்ததால் உரித்துத் தொலைந்துவிடுவதில்லை. நொத்தாரிசு, அதாவது உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்ட அலுவலர், முடிக்கும் உறுதியின் மூலப் பிரதி உரியவரிடம் போகிறது. ஒரு பிரதி நொத்தாரிசிடம் தங்குகிறது. இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. ஆகவே உறுதியின் இலக்கம், முடித்த திகதி, நொத்தாரிசின் பெயர் என்பவற்றில் எதுவாவது தெரிந்தால் தேடுதல் எளிதாகும். எங்கள் தோட்டக் காணி விடயத்தில் இந்த மூன்றும் தெரிந்திருக்கவில்லை. காணியின் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது. அந்தப் பெயரில் அந்தக் குறிச்சியில் பல துண்டுகள் இருந்தன. கடைசியில் வழி காட்டியது பக்கத்துக் காணிக்காரரின் உறுதிதான். அவர் தம்முடைய உறுதியைக் கொண்டுவந்து விறாந்தை மேசையில் விரித்து, எல்லைகள் எழுதப்பட்ட இடத்தை விரலால் தொட்டு வாசித்தார்: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார், மேற்கு எங்கள் பேரனார் பெயர். அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டில் தேடியபோது பேரனாரின் உறுதி அகப்பட்டது. அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும், காணியின் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டோம். பதிவேட்டுப் பக்கத்தை எடுப்பது உறுதியை எடுப்பதைப் போலவே அவசியமானது. ஈடு வைத்திருந்தாலும் வழக்கு இருந்தாலும் அங்கேதான் தெரியும்.

பிரதேச சபைக்குச் சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டுகள் ஒரு கட்டாகக் கிடைத்தபோது தம்பி பெரிதும் மகிழ்ந்தான். அவை காணியை நாங்கள் அனுபவித்து வந்ததற்கு ஓரளவு சான்றாகலாமே தவிர உரித்துக்கு உறுதியாகா.

இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் சென்றபோது அவர் பங்கைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. "தங்கச்சி, ஒவ்வொரு காணிக்கும் பக்கத்திலை அது ஆரிட்டை இருந்து, எப்ப, எப்படி வந்தது எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். தேசவழமை என்பது ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயர் ஆட்சியில் 1806 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் நடைமுறைப்படுத்தப்பட்ட எங்கள் வழமைச் சட்டம். இன்று வாரிசுரிமையைப் பொறுத்தவரை அதைக் கட்டுப்படுத்துவது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும், 1947 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் ஆகும். தாய் தகப்பனிடமிருந்தோ அவர்களுக்கு மேற்பட்ட முன்னோரிடமிருந்தோ அவர்களின் இறப்பால் வந்து சேர்வது முதுசம். வேறு உறவினரின் இறப்பால் வந்தது உரிமை. விவாகத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கப்படுவது சீதனம். விவாக காலத்தில், தனக்கெனத் தனியே உள்ள ஆதனத்தின் பணத்தைப் பயன்படுத்தாமல் விலை கொடுத்துத் தேடியதும், தனி ஆதனத்திலிருந்து அக்காலத்தில் கிடைத்த வருமானமும் தேடியதேட்டம்.

இந்தப் பிரிவுகள் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்திருந்த அண்ணாவுக்குக் கணக்கு எழுதிக் காட்டியபோதுதான் அவற்றின் பாரம் விளங்கியது. மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய முதுசம் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாகச் சேர்கிறது. மனைவிக்கு அதில் பங்கில்லை. அவருடைய தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கும் மறு பாதி பிள்ளைகளுக்கும் சேர்கிறது. ஆகவே பேரனார் வழி வந்த தோட்டக் காணியில் அப்பாவுக்கிருந்த பங்கில் எங்கள் மூவருக்கும் மூன்றில் ஒவ்வொரு பங்கு. அப்பா 1980களில் தம் சம்பளத்தில் வாங்கிய பட்டணத்துக் காணியில் அம்மாவுக்கு இரண்டில் ஒன்று, எங்களுக்கு ஆறில் ஒவ்வொன்று. ஒரே மனிதர் விட்டுச் சென்ற இரண்டு காணிகளுக்கு இரண்டு விதமான கணக்கு. இதை அறியாமல் "எல்லாவற்றையும் நாலாகப் பிரிப்போம்" என்று நல்ல மனத்துடன் முடிவெடுக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படிப் பிரிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தன் பங்கை விட்டுக்கொடுப்பவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்து, அதற்குரிய உறுதியை முடித்தே செய்ய வேண்டும். வாய்ச்சொல்லால் காணி கைமாறுவதில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசின் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் முடித்தாலன்றி அது செல்லாது.

உண்மையான கருத்து வேறுபாடு நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றித்தான் எழுந்தது. "அப்பா கடன் எடுத்துக் கட்டின வீடு, அது மூன்று பேருக்கும் பொது" என்பது அண்ணாவின் வாதம். அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. அப்பா கடன் எடுத்ததும், பல ஆண்டுகள் சம்பளத்தில் கழித்ததும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வளவு அம்மாவின் சீதனம். சட்டத்தரணி சீதன உறுதியை எடுத்து, அம்மாவின் தாய் தகப்பன் தங்கள் மகளுக்கு அந்த வளவைச் சீதனமாகக் கொடுத்த பகுதியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பின்னர், கட்டடம் நிலத்தைச் சார்ந்தே போகும் என்றும், செலவழித்த பணத்துக்கு ஈடு கேட்பது தனியான ஒரு விவாதம் என்றும், நிலமும் வீடும் அம்மாவுடையவை என்றும் சொன்னார். அதாவது அப்பாவின் இறப்பால் பங்கிட வேண்டியவற்றின் பட்டியலில் எங்கள் வீடு இடம்பெறவே இல்லை. உயிருடன் இருக்கும் தாயின் சொத்தைப் பிள்ளைகள் அவரைச் சுற்றி இருந்துகொண்டே பங்கு போட்டுப் பேசுவது எங்கள் ஊரில் அன்றாடம் நடக்கும் காரியம். அன்று அம்மா எதுவும் பேசாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்; மறுநாள், "அந்த உறுதியை இனி நானே வைச்சிருக்கிறன்" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என்னைப் பற்றியும் ஒரு பேச்சு எழுந்தது. சீதனம் வாங்கிப் போன பெண்ணுக்குப் பிறகும் பங்கா என்று ஒரு மாமா கேட்டார். பழைய தேசவழமைத் தொகுப்பில் அத்தகைய கருத்துக்கு இடம் உண்டு என்பதால் இதை வெறும் ஊர்வாய் என்று தள்ளிவிட முடியாது. சீதன உறுதி எழுதப்பட்டிருந்தால் அதைச் சட்டத்தரணியிடம் காட்டித் தெளிவு பெறுவதே வழி. எனது விவாகத்தில் அத்தகைய உறுதி எழுதப்படவில்லை. தம்பிதான் முந்திக்கொண்டு, நாங்கள் மூவரும் சம உரித்தாளர்கள் என்பதை நீதிமன்றத்துக்கான சம்மதப் பத்திரத்திலேயே எழுதச் சொன்னான். மாமாவும் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தோட்டக் காணியில் இன்னொரு சிக்கல் இருந்தது. பேரனாரின் காணி அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பிரிபடாத பங்காகவே வந்திருந்தது. பெரியப்பா வீட்டார் வடக்குப் பக்கத்தையும் நாங்கள் தெற்குப் பக்கத்தையும் காலங்காலமாகச் செய்து வந்தாலும், எழுத்தில் முழுக் காணியும் இரு குடும்பத்துக்கும் பொதுவாகவே இருந்தது. இத்தகைய பங்குக் காணியை வெளியாருக்கு விற்பதானால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதற்கென்றே 1947 இல் முன்வாங்கல் உரிமை பற்றிய தனிச் சட்டம் ஒன்று வந்தது. நாங்கள் விற்க எண்ணவில்லை. நில அளவையாளரை அழைத்துப் பிளான் அடித்து, இரு குடும்பத்தாரும் சேர்ந்து பிரிவிடல் உறுதி முடிப்பது என்று பேசிக்கொண்டோம். இணக்கமாகச் செய்தால் இது சில மாதத்து வேலை; இணக்கம் இல்லாவிட்டால் 1977 ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குத்தான், அந்த வழக்குகள் பேரப்பிள்ளைகளின் காலத்துக்கும் நீள்வதை நாங்கள் கண்டிருக்கிறோம். பிளான் அடிக்கும்போது பரப்பையும் குழியையும் மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. ஒரு பரப்புக்கு 18 குழி, ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு என்ற கணக்கு எவருக்கும் தெரியும். எங்கள் உறுதியில் அதற்கு அடுத்த வரியில்தான் "கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" இருந்தது. புதிய உறுதியில் அந்த வரி விடுபட்டுப் போனால் காணி கையில் இருக்கும், தண்ணீர் இருக்காது. வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது அற்றோணித் தத்துவம், அதாவது தமக்காக அலுவல் பார்க்க இன்னொருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரம். அண்ணாவும் தம்பியும் ஊரில் நின்ற நாட்களிலேயே சம்மதப் பத்திரங்களில் கையெழுத்திட்டதுடன், அப்பாவின் ஆதனம் தொடர்பான அலுவல்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் தத்துவத்தை என் பெயருக்குத் தந்தார்கள். எல்லா அதிகாரத்தையும் அள்ளிக் கொடுக்கும் பொதுத் தத்துவத்தை நான் கேட்கவும் இல்லை, கேட்பதை ஆதரிக்கவும் மாட்டேன். அது கொடுப்பவருக்கும் ஆபத்து, பெறுபவரின் பெயருக்கும் ஆபத்து. ஊரை விட்டுப் போன பின்னர் என்றால் தூதரகத்திலோ உயர் ஸ்தானிகராலயத்திலோ முடித்து அனுப்பி, இங்கே பதிவு செய்ய வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் வேறுபட்டிருந்தால் இரண்டையும் தத்துவத்திலேயே குறிப்பிட வேண்டும். தத்துவம் கொடுத்தவர் இறந்தவுடன் அது செயலிழந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்பா நோயுற்றிருந்தபோது உறவினர் ஒருவருக்குக் கொடுத்திருந்த தத்துவத்தை வைத்து, அப்பா இறந்த பின்னரும் குத்தகையைப் புதுப்பிக்க ஆயத்தம் நடந்தது. எந்தத் தீய எண்ணமும் இல்லாமல் நடந்த அந்த ஆயத்தத்தைச் சட்டத்தரணியின் ஒரு கடிதம் நிறுத்தியது.

இரண்டாவது, 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிப் பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணியை மாற்றுவதை அது தடுக்கிறது. ஆனால் நெருங்கிய உறவினருக்கு வாரிசுரிமையால் சேரும் காணிக்கும், இரட்டைக் குடியுரிமை உடையவர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. ஆகவே அப்பாவின் காணியில் தம்பிக்குரிய பங்கு அவனுக்குச் சேர்வதில் தடையில்லை. அம்மாவினதும் எங்களதும் பங்குகளை விலைக்கு வாங்கிப் பட்டணத்துக் காணி முழுவதையும் தன் பெயருக்கு எடுக்க அவன் விரும்பியபோது, அது வேறு விதமான கைமாற்றம் என்றும், இரட்டைக் குடியுரிமை பெற்ற பின்னர் அதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் சட்டத்தரணி நிறுத்திவிட்டார்.

அப்பாவின் பணத்தில் ஒரு பகுதி அம்மாவுடன் சேர்ந்த கூட்டுக் கணக்கில் இருந்தது. இருவரில் எஞ்சியிருப்பவருக்கு என்ற நிபந்தனை அதில் இருந்ததால் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கொடுத்ததும் காரியம் முடிந்தது. இன்னொரு வங்கியில் தனிப் பெயரில் இருந்த நிலையான வைப்பில், தனக்குப் பின் யாருக்கு என்று எவரது பெயரும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. உள்ளூர் வங்கிகளில் ஒரே ஒரு படிவத்தில் பெயர் குறித்து வைப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் படிவம் நிரப்பப்படாததால் அந்தப் பணத்துக்கு, இறந்தவரின் ஆதனத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டுப் பெறும் நிர்வாக அதிகாரப் பத்திரம் கேட்கப்பட்டது. ஆதனத்தின் மொத்தப் பெறுமதி சட்டம் விதித்த வரம்பைத் தாண்டியதால் காணிகளுக்கும் அந்த வழக்கு எப்படியும் தேவைப்பட்டது. நீதிமன்றத்தில் நடந்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அம்மாவை நிர்வாகியாக நியமிக்க நாங்கள் மூவரும் சம்மதித்திருந்தோம். பத்திரிகையில் அறிவித்தல் போடப்பட்டது, ஆட்சேபனை எதுவும் வரவில்லை, சொத்து விவரத்தைச் சமர்ப்பித்தோம். அலுமாரி திறந்த அன்று எழுதிய கொப்பியைத்தான் சட்டத்தரணியின் எழுதுவினைஞர் பக்கம் பக்கமாகப் பார்த்துத் தட்டச்சுச் செய்தார். தவணைகள் தள்ளிப் போனதைத் தவிர வேறு தடை ஏற்படவில்லை. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் சென்றது.

இவ்வளவையும் பார்த்த பின்னர் அம்மா தம்முடைய சொத்தைப் பற்றித் தாமே பேச்செடுத்தார். வீட்டையும் வளவையும் இப்போதே எனக்கு நன்கொடை உறுதியாக எழுத விரும்பினார். பயன் பெறப் போவது நானாக இருந்தும் நான் முதலில் உடன்படவில்லை. முதுமையில் இருக்கும் தாய் தகப்பன் குடியிருக்கும் வீட்டை உயிருடன் இருக்கும்போதே முழுமையாகக் கைவிடுவது, பிள்ளை எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சரியான ஏற்பாடு அல்ல என்பது என் கருத்து. மீட்க முடியாத நன்கொடையைக்கூட, பெற்றவர் மிகுந்த நன்றிகேட்டுடன் நடந்தால் நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்யலாம் என்று 2017 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு எதிராக எத்தனை தாய்மார் வழக்குப் போடுவார்கள்? கடைசியில், தம் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்து உறுதி முடிப்பது என்று அம்மா தீர்மானித்தார். அவர் இருக்கும்வரை வீட்டில் குடியிருக்கவும் அதன் வருமானத்தை அனுபவிக்கவும் அவருக்கே உரித்து உண்டு. நன்கொடையைப் பெறுபவர் ஏற்றுக்கொண்டதாகவும் உறுதியில் இருக்க வேண்டும் என்பதால் நானும் கையெழுத்திட்டேன். முடிக்கும் முன்னர் அண்ணாவுக்கும் தம்பிக்கும் வரைவை அனுப்பி வாசிக்கச் செய்தோம். அவர்களுடைய சம்மதம் சட்டப்படி தேவையில்லை, ஆனால் பின்னர் வேறொருவர் வாயால் கேள்விப்படுவதைவிட அது நல்லது என்று அம்மா சொன்னார்.

பட்டணத்துக் காணியில் தமக்குச் சேர்ந்த பாதியை அண்ணாவுக்கும் தம்பிக்கும் விட்டு அம்மா மரணசாதனம் எழுதியிருக்கிறார். மரணசாதனத்தை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். ஐந்து பேரைப் பின்னர் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் கலைந்துபோன ஓர் ஊரில் சொல்லத் தேவையில்லை என்பதால் நொத்தாரிசிடமே சென்றோம். பயன் பெறுபவர்கள் சாட்சியாக இருக்கக் கூடாது என்பதால் எங்கள் வீட்டார் எவரும் உள்ளே போகவில்லை. மூலம் அம்மாவின் பெட்டகத்தில் இருக்கிறது. இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் எங்கள் மூவரிடமும் இருக்கின்றன. பெரியப்பா வீட்டாருடன் முடிக்க வேண்டிய பிரிவிடல் உறுதி மட்டும் இன்னும் மிஞ்சியிருக்கிறது. பிளான் வந்துவிட்டது, கிணற்றுப் பங்கைப் பற்றிய வரியை இரு தரப்பும் ஏற்கும் விதமாக எழுதுவது பற்றி இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.